ரூட்டர் வாங்கப் போகிறீர்களா?

கடைக்காரர் வேகத்தையும் ஆன்டெனா எண்ணிக்கையையும்தான் சொல்வார். நீங்கள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

1. ‘டபிள்யூ.பி.ஏ.3’ என்று அச்சிட்டிருப்பதையே எடுங்கள். 2018-ல் அறிமுகமான இந்தப் பாதுகாப்பு முறையில், பாஸ்வேர்டை யூகித்து யூகித்துப் போட்டுப் பார்ப்பவர்களின் வேலை எளிதில் நடக்காது. வீட்டில் பழைய போன் இருந்தால் முந்தைய முறையான டபிள்யூ.பி.ஏ.2-வும் சேர்ந்து இயங்குமா என்று கேளுங்கள்; இல்லாவிட்டால் அந்த போன் இணையாது.

2. மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். அப்டேட் நின்றுபோன ரூட்டரில் ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை. பாதி விலைக்குத் தள்ளிவிடும் பழைய மாடல்கள் இந்த ரகமாக இருக்கலாம்.

3. விருந்தினருக்கான தனி வைஃபை வசதி இருக்கட்டும். சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் டிவியையும் அதிலேயே இணையுங்கள்; அவற்றின் வழியே எவராவது புகுந்தாலும் உங்கள் லேப்டாப்பை எட்டுவது கடினம்.

4. மாட்டிய அன்றே ரூட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கான அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். (வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு!) கம்பெனி வைத்துத் தரும் ‘அட்மின், அட்மின்’ ஊருக்கே தெரியும்.

5. வைஃபை பாஸ்வேர்டைப் போடாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணைப் பல ரூட்டர்களில் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.