குப்பத்து வீட்டில் தளம் மாறிய கணினியும் தமிழ் எழுத்தும்

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் இடையே அமைந்தது பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியாக் கோட்டையை வைத்தே வரலாற்று நூல்கள் அவ்வூரை நினைவுகூரும். ஆயின் ஏரிக்கரைக் குப்பங்களில் இன்றளவும் வழங்கிவரும் பாட்டுமுறையோ, கோட்டையினும் மேலான வரலாற்றுச் செல்வம் எனலாம். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பாடுகளில் எந்நாளில் எவ்வூரார் வலையிடுவது, ஊருக்குள் எவர்க்கு எவ்விடம் என்பவற்றைச் சீட்டும் சுழற்சியும் கொண்டு வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இம்முறையில் பெயர்பெற்றவை. பட்டியலில் பெயர் உள்ளவர்க்கே பாட்டில் இடம். ஆகவே அங்கே பட்டியல் என்பது உரிமை ஆவணம்.

அக்குப்பங்களுள் ஒன்றிலிருந்து எம் துறைக்குப் படிக்க வரும் மாணவர் ஒருவர், ஒருநாள் காலை வாடிய முகத்துடன் வந்து, "ஐயா, அப்பாவின் பாட்டுப் பட்டியல் முழுவதும் அழிந்துவிட்டது" என்றார். அவர் கையில் இருந்தது, அவருடைய தமக்கையார் மேல்நிலைப்பள்ளியில் பயின்றபோது அரசு வழங்கிய மடிக்கணினி. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உப்புக்காற்றில் பல ஆண்டு உழைத்த அக்கருவி, விண்டோசு தளத்தைச் சுமக்க இயலாமல் திணறிற்று. விண்டோசு 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடும் 2025 அக்டோபர் 14உடன் பொதுநிலையில் நின்றது. விண்டோசு 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் அப்பழைய கருவியில் இல்லை. புதிய கணினி வாங்கப் பொருள் இல்லை. எனவே நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி லினக்சு தளத்துக்கு மாறினார். கணினி விரைவுபெற்றது. பட்டியலைத் திறந்தபோதோ, தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிரம்பிக் கிடந்தன.

பட்டியல் அழியவில்லை. கணினிக்குள் அது என்றுமே தமிழாக இருந்ததில்லை. இதனை விளக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். அம்மாணவர் பட்டியலைத் தட்டச்சு செய்தது பாமினி என்னும் எழுத்துருவில். அவ்வெழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், கணினி தன்னுள் சேமிப்பவை ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச்சு ஆகிய ஐந்து குறிகள் மட்டுமே. அக்குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. போர்வையை விலக்கினால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளிப்படும். புதிய தளத்தில் பாமினி நிறுவப்படவில்லை, அவ்வளவே நிகழ்ந்தது. அவ்வெழுத்துருவை மட்டும் நிறுவினால் தோற்றம் மீளும். ஆயினும் பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்பினாலும், மீண்டும் ஒருமுறை கணினி மாறினாலும் அதே இடர் வரும்.

ஒருங்குறி என்பது இதனின் வேறுபட்டது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்கெனத் தனியெண் வழங்கும் அம்முறையின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. அவற்றுள் ககரத்துக்கு உரிய எண் விண்டோசிலும் லினக்சிலும் கைப்பேசியிலும் ஒன்றே.

இவ்விடத்தில் இலக்கணம் பயில்வார்க்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. கண் முதலில் காண்பது அதனையே. பாமினி போன்ற எழுத்துருக்கள் கண்ணைப் பின்பற்றிக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் சேமித்தன. அதன் பயனாகக் 'கொளஞ்சி' என்னும் பெயரை அகர வரிசைப்படுத்தச் சொன்னால், கணினி அதனைக் ககரத்தில் சேர்க்காமல் கொம்பில் தொடங்கும் பெயர்களோடு கூட்டிவைக்கும். ஒருங்குறியோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னாகவும் உயிரொலி பின்னாகவும் இயலும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறும் நெறியும் இதுவே. ஒருங்குறியில் தமிழ்மெய்கள் அகரமேறிய நிலையில் வைக்கப்பட்டதைக் குறைகூறும் தமிழறிஞர் உளர், அக்குறை நியாயமானதே. எனினும் ஒலிமுறை பற்றிய அளவில் இலக்கணத்தின் பக்கமே அது நிற்கிறது என்பது எம் கருத்து.

1990களில் நிறுவனந்தோறும் ஒரு குறியீடு இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத அந்நிலையை மாற்றவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகையும், டாப், டாம் என்னும் குறியீடுகளும் அதன் விளைவுகள். விண்டோசு 2000 பதிப்பு ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியை ஏற்புக் குறியீடாக அறிவித்தது. எனினும் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பழைய எழுத்துருக்களை விட்டபாடில்லை. எம் துறையின் பழைய மலர்களுள் சிலவற்றின் கணினிக் கோப்புகளை இன்று திறந்தால் பழவேற்காட்டு மாணவர் கண்ட காட்சியே கிடைக்கிறது. அச்சிட்ட படிகள் எஞ்சியதால் பிழைத்தோம்!

பழவேற்காட்டு இசுலாமியர்க்கு இவ்விடர் புதிதன்று. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிலேயே குறிகளைக் கூட்டிப் புதிய வடிவம் கண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்கள் அவ்வழியில் நூல்கள் யாத்தனர். மொழி தமிழ், போர்வை அரபு. அப்போர்வையை அறிந்த மூதாட்டியர் ஏட்டைத் திறந்து ஓதுவர். அதே வீட்டுப் பேரப்பிள்ளைகளோ, தம் தாய்மொழியில் எழுதப்பட்டதென்றும் அறியாமல் அதனை முத்தமிட்டு மூடிவைப்பர். எழுத்து மாறும் காலத்தில் பழையதைப் புதியதற்குப் பெயர்த்துவைக்கத் தவறியதால் நேர்ந்த இழப்பு அது.

ஆகலின் நுட்பம் அறியாத ஒருவர் வீட்டுக் கணினியின் தளத்தை மாற்ற எண்ணினால், முதலில் கேட்க வேண்டியது 'புதியது எப்படி இயங்கும்?' என்பதன்று, 'பழையதில் நான் எழுதியவை எக்குறியீட்டில் உள்ளன?' என்பதே. இதனை அறிய எளிய வழி உண்டு. கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்துக் கைப்பேசிச் செய்தியில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழாகத் தோன்றினால் அது ஒருங்குறி, அச்சமில்லை. ஆங்கிலக் குழப்பமாகத் தோன்றினால், தளத்தை மாற்றுமுன் எழுத்துருமாற்றி கொண்டு அனைத்தையும் ஒருங்குறியாக்குதல் வேண்டும். சுரதா, என்.எச்.எம். முதலிய மாற்றிகள் இதற்கென உருவாக்கப்பட்டவை. பின்னர்க் கோப்புகளைப் பென் டிரைவ் இரண்டில் தனித்தனியே படியெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பது நன்று. புயலும் வெள்ளமும் அறிந்த கரையோரத்தார்க்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

லினக்சு தளங்கள் பலவற்றை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி இணைகிறதா, தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறதா என ஒரு வாரம் பழகிப் பார்த்து முடிவு செய்யலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசு லினக்சு, அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் சேர்ந்தே வந்தது. திறந்து பார்த்தவர் சிலரே. கேரளப் பள்ளிகளோ ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து லினக்சை நிலைநிறுத்திக்கொண்டன. செருமனியின் மூனிக் மாநகராட்சி 2003இல் லினக்சுக்கு மாற முடிவுசெய்து, 2017இல் விண்டோசுக்கே மீளத் தீர்மானித்ததும் உண்டு. விண்டோசுக்கென்றே ஆன கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்வோர் மாறாதிருத்தலே நலம். கடிதமும் பட்டியலும் எழுதிப் பாடம் படிக்கும் வீட்டுக்கு லினக்சே போதும்.

மாணவரின் பட்டியலை எம் துறை அறையிலேயே மாற்றிப் பார்த்தோம். பெயர்கள் தமிழாக மீண்டன. ஆயின் படகுப் பதிவெண்களில் இருந்த ஆங்கில எழுத்துகளையும் மாற்றி தமிழென்றே எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிட்டது. அவற்றைக் கையால் திருத்த ஒரு பிற்பகல் ஆயிற்று. பின்னர் மாணவர் அச்சிட்ட தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தந்தையார் தம் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். இரண்டு பெயர்கள் முன்பே தவறாகத் தட்டச்சாகி இருந்ததை அவர்தாம் கண்டுபிடித்தார். திருத்திய படியை நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.