ஏற்றத்தைப் பார்க்காதீர்கள், இறக்கத்தைப் பாருங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் முதலில் கேட்பது பிக்கப்பைப் பற்றி. அடுத்தது மைலேஜ். தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டியது வேறு என்பது என் கட்சி. சேலம் போக வேண்டுமானால் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். ஒகேனக்கல் போக வேண்டுமானால் பென்னாகரம் தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்கியாக வேண்டும். மூச்சு வாங்கியாவது எந்த வண்டியும் ஏறிவிடும். இறங்கி வந்தபின் பிரேக் பெடல் காலுக்கு எப்படி இருக்கிறது என்பதில்தான் ஒரு பழைய வண்டியின் உண்மையான வயது தெரியும்.

என்னிடம் இருப்பது ஃபோர்டு ஃபியஸ்டா 1.4 டீசல், 2010 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் செய்த வண்டி. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் கம்பெனி அறிவித்த பிறகு, ஃபோர்டு என்றாலே ஆட்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில்தான் எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் வண்டி கிடைத்தது.

இழுவையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 68 குதிரைத்திறன்தான். 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ வேலை செய்வதாகவே தெரியாது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு இரண்டாம் கியரில் திரும்பினால் வண்டி திணறும். கௌரவம் பார்க்காமல் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். ஏசியையும் அணைத்துவிடலாம், மலையில்தான் காற்று இருக்கிறதே. ஆனால் கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு போகும் நாலுவழிச் சாலையில் இதே வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் கைக்குத் தரும் நம்பிக்கை, இன்று வரும் பல புது வண்டிகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி தொப்பூர். கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் லாரிகளோடு நிற்கவில்லை, கார்க்காரர்களிடமும் இருக்கிறது. அதில் ஒரு பைசா மிச்சமாகாது. காமன் ரெயில் டீசல் இன்ஜினில் கியரைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் டீசல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் அப்போது இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூம், ஸ்டியரிங்குக்கு வேண்டிய எண்ணெய் அழுத்தம் இரண்டும் இன்ஜின் ஓடினால்தான் வரும். ஓரிரு முறை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயிலைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது, நான் இந்த வண்டிக்குச் செய்கிற செலவுகளில் மிக மலிவானது.

ஆகவே வாங்கும்முன் விற்பவரையும் ஏற்றிக்கொண்டு ஓர் இறக்கத்துக்குப் போங்கள். மூன்றாம் கியரில் காலை எடுத்துவிட்டு விடுங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறதா என்று பாருங்கள். கீழே நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் இறுகிக் கிடக்கிறது.

இந்த மாவட்டத்தில் வண்டிக்கு இன்னொரு எதிரி தண்ணீர். என் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் மெக்கானிக் சொன்னது: "சார், இத்தனை வருசமா போர் தண்ணியத்தான் ஊத்தியிருக்காங்க." உள்ளே செங்காவி நிறம், ஓரமெல்லாம் வெள்ளைப் படிவு, வெந்நீர் அண்டாவின் அடி மாதிரி. ஃபுளூரைடுக்குப் பேர்போன நிலத்தடி நீர் எங்களுடையது. அதற்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல்லைக் கறையாக்குவது ஃபுளூரைடு என்றால், ரேடியேட்டரை அடைப்பது அதே தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரும் வேண்டாம். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் மாற்றிய பிறகு, சித்திரை வெயிலில் தொப்பூர் ஏறினாலும் என் வண்டியின் முள் நடுவை விட்டு நகர்வதில்லை.

டைமிங் பெல்ட்டுக்கு வருவோம். இந்த இன்ஜினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, ஹெட்டையே இறக்க வேண்டிவரும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ரப்பருக்கு வருடக்கணக்கும் உண்டு. கையேட்டில் போட்டிருக்கும் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் கூடவே மாற்றினால் கூலி ஒன்றோடு முடியும்.

பாகம் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2010இல் வந்த முதல் ஃபிகோ டீசலிலும் இதே 1.4 இன்ஜின்தான் என்பதால், இன்ஜின் பாகங்களுக்கு நான் தவித்ததில்லை. இல்லாவிட்டால் சேலம், அதையும் விட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு. சிரமமெல்லாம் பம்பர், ஹெட்லைட், கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குத்தான். பழைய வண்டியில் உரசலுக்குப் பயந்து ஓட்டுவதற்கு இதுவே போதுமான காரணம்.

எலியைச் சொல்லாமல் விட்டால் கிராமத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கடலை மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒயர் போச்சு. பானெட்டுக்குள் புகையிலை வைப்பார்கள், நானும் வைக்கிறேன். இடத்தை மாற்றி நிறுத்துவதுதான் அதைவிடப் பலன் தருகிறது.

பதினைந்து வருடம் முடிகிற வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், ஐந்தைந்து வருடமாக. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். தாமதமானால் மாதக்கணக்கில் தண்டம் ஏறும். எனவே 2010, 2011 மாடல் பார்க்கிறவர்கள் ஆர்.சி. தேதியையும் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டில் எது இல்லையோ அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் கொஞ்சம் முறைப்பார். அடுத்து வருகிறவரும் இதையே கேட்பார் என்று தெரிந்தால் இறங்கி வருவார்.