தாடை வலியும் தலைவலியும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். இரு சுட்டுவிரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு முன்னே வருவதும் பின்னே போவதும் தெரியும். அதுவே தாடை மூட்டு. இப்போது விரல்களை நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோய், கடைவாய்ப் பற்களை இறுகக் கடியுங்கள். பொட்டில் ஒரு தசை புடைத்தெழுகிறது அல்லவா? தலைவலி என்று நாம் தைலம் தேய்க்கும் அந்த இடத்தில் இருப்பது, உணவை மெல்ல உதவும் தசையே!

தாடை மூட்டு மற்ற மூட்டுகளைப் போன்றதன்று. முழங்கை கதவுக் கீலைப்போல மடங்கி நிமிரும். தாடை மூட்டோ முதலில் கீலைப்போலச் சுழன்று, வாய் பெரிதாகத் திறக்கும்போது தன் குழியை விட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. மேலே மண்டையோட்டின் பொட்டெலும்பு, கீழே தாடையெலும்பின் குமிழ், இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு மெல்லிய தட்டு. வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஆதலால் ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகளைப்போல, ஒன்று நொண்டினால் மற்றதும் தடுமாறும்.

நடுவிலுள்ள தட்டு சற்று முன்னே நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது ‘டக்’ என்று ஒலி கேட்கும். நம் வகுப்பிலேயே நான்கைந்து பேருக்கு இவ்வொலி உண்டு. வலியில்லாமல், வாயும் நன்றாகத் திறக்குமானால், ஒலிக்கென்று வைத்தியம் தேவையில்லை. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிந்தால் போதும். அது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர்.

தாடையில் நோவு இருக்க, தலையும் காதும் ஏன் வலிக்க வேண்டும்? மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவது நரம்புக்கு மூன்று கிளைகள் உள்ளன. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் மெல்லும் தசைகளுக்கும் செல்கிறது. மூன்று தெருக் கடிதங்களும் ஒரே அஞ்சல் பெட்டியில் விழுவதுபோல, இம்மூன்று கிளைகளின் செய்திகளும் மூளைத் தண்டில் ஓரிடத்தில் போய்ச் சேருகின்றன. எந்தத் தெருவிலிருந்து வந்த கடிதம் என்று மூளைக்குச் சில வேளைகளில் தெரிவதில்லை. கன்னத்துத் தசையின் வலியைப் பல்வலியாகவும், காதுவலியாகவும், கண்ணுக்குப் பின்னே குடைவதாகவும் உணர்கிறோம்.

என் சித்திக்கு நேர்ந்தது இதுவே. வலப்பக்கக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று ஒரு மருத்துவரிடம் சென்றார். படத்தில் பல்லில் பழுதொன்றும் தெரியவில்லை. ஆயினும் பல்லைப் பிடுங்கினார்கள். வலி அடுத்த பல்லுக்கு நகர்ந்தது. அதையும் பிடுங்கினார்கள். இரண்டு நல்ல பற்கள் போயின, வலி போகவில்லை. ஓராண்டு கழித்து வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் கன்னத்துத் தசையை விரலால் அழுத்திப் பார்த்து, “நீங்கள் சொல்லும் பல்வலி இதுதானா?” என்று கேட்டாராம். சித்தி அழுதுவிட்டார். வலித்ததற்காக மட்டும் அழவில்லை. வலி உண்மை என்று ஒருவர் சொன்னதற்காகவும் அழுதாராம்.

மருத்துவ உலகமே இந்த மூட்டைப் பற்றிப் பல காலம் தடுமாறியது. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், 11 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் தாடையெலும்பு மேலேறி அருகிலுள்ள நரம்பை நசுக்குகிறது, காதுவலியும் தலைவலியும் அதனால்தான் வருகின்றன என்பது அவர் கருத்து. உடற்கூற்று அறிஞர்கள் பின்னர் இதை ஏற்கவில்லை. எனினும் பற்களின் கடிப்பே காரணம் என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. பற்களை அராவியும் உயர்த்தியும் பார்த்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் தேய்ந்த தட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை வைத்துத் தைத்தார்கள். அது உள்ளேயே நொறுங்கி எலும்பை அரித்தது. 1990-91 ஆண்டுகளில் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. அவ்வாறு துன்புற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆம், இது பெண்களிடமே மிகுதியாகக் காணப்படும் நோவு. பருவமடைந்த பின்னரே கூடுகிறது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தாடை வலியே இல்லாத 18 முதல் 44 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,700 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு நூற்றில் சுமார் 4 பேருக்கு வலி புதிதாகத் தோன்றியது. தூக்கம் கெட்டவர்களுக்கும், உடலில் வேறு வலிகள் உள்ளவர்களுக்கும் அது எளிதில் வந்தது. ஒரே ஒரு காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை.

இதை எழுதும் எனக்கும் ஒன்பது மாதங்களாக இவ்வலி உண்டு. காலையில் எழும்போதே கன்னங்கள் கனக்கும். மூன்றாம் பாடவேளைக்குள் பொட்டில் இறுக்கம் ஏறிவிடும். காய்ச்சலென்றால் வெப்பமானி காட்டும். கால் முறிந்தால் மாவுக்கட்டு காட்டும். இவ்வலிக்குக் காட்ட ஒன்றுமில்லை. “பரீட்சை பயம்” என்று சொல்பவர்களிடம் என்ன விடை சொல்வது? மனக்கவலை தசையை இறுக்குவது உண்மை. ஆனால் இறுகிய தசை வலிப்பதும் அதே அளவு உண்மையன்றோ?

நம் மொழியில் துன்பத்தைத் தாங்குவதையே “பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது” என்கிறோம். மற்ற துன்பங்களுக்கு அது பொருந்தலாம். இந்த நோவுக்கு மட்டும் அதைவிடக் கெடுதல் வேறில்லை! நம் பற்கள் மெல்லும்போதும் விழுங்கும்போதும் சிறிது தொட்டுக்கொள்வதோடு சரி. மற்ற நேரமெல்லாம் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயற்கை. கணக்குப் போடும்போதும், தையல் ஊசியில் நூல் கோக்கும்போதும், பேருந்தில் நெரிசலில் நிற்கும்போதும் நம்மையறியாமல் பற்களைச் சேர்த்து அழுத்துகிறோம். மணிக்கணக்கில் மூடிய கைமுட்டியைப்போலத் தசை சோர்ந்துபோகிறது.

இதற்கு எனக்குக் கற்பித்த முறை மிக எளியது. உதடுகள் மூடியிருக்க வேண்டும். பற்கள் பிரிந்திருக்க வேண்டும். நாவின் நுனி ‘ன’ என்னும் எழுத்தை ஒலிக்கும் இடத்தில் மெல்லத் தங்க வேண்டும். ‘ந’ அன்று, கவனியுங்கள்! ‘ந’ சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். ‘ன’ சொன்னால் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொடும். இலக்கண வகுப்பில் எழுத்துகளின் பிறப்பைப் படித்தபோது, அது தாடைக்கும் மருந்தாகும் என்று நான் எண்ணியதில்லை. நாக்கு அங்கே இருக்கையில் பற்களை இறுக்குவது கடினம்.

இதை நினைவில் வைப்பதுதான் சிரமம். பள்ளி மணியை நான் துணைக்கு வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் “பற்கள் எங்கே இருக்கின்றன?” என்று என்னையே கேட்பேன். முதல் வாரத்தில் எல்லா மணிக்கும் அவை சேர்ந்தே இருந்தன. இப்போது பாதிக்குப் பாதி பிரிந்திருக்கின்றன.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரு கன்னங்களிலும் பொட்டிலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றியெடுத்தால் தசை இளகும். பாட்டியின் தவிட்டு ஒத்தடமும் இதே வேலையைச் செய்யும். பிறகு நாவை மேலண்ணத்தில் வைத்தபடியே, வலி தொடங்காத அளவுக்கு வாயை ஆறு முறை மெல்லத் திறந்து மூட வேண்டும். வலி கூடிய நாட்களில் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு போதும். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் ஆகியவற்றுக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். (கரும்புக்கு விடை கொடுத்த அந்தப் பொங்கலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) ஆனால் வாரக்கணக்கில் கஞ்சியே குடித்துத் தாடையை அசைக்காமல் இருப்பதும் நல்லதன்று, தசை மேலும் வலுவிழக்கும். பென்சிலைக் கடிப்பது, குப்புறப் படுப்பது, கன்னத்தில் கைவைத்தே படிப்பது இவற்றையும் விட வேண்டும்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்த மருத்துவ வழிகாட்டுதலும் இத்தகைய முறைகளையே முதலில் வைக்கிறது. பயிற்றுநர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, தசையைக் கையால் அழுத்தி இளக்குவது, வலியை எதிர்கொள்ள மனத்தைப் பழக்கும் சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. மூட்டுத் தட்டை அறுத்தெடுப்பதையும், பற்களின் கடிப்பை நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களையும் வேண்டாம் என்கிறது. இரவில் மாட்டிக் கழற்றும் பல் கவசம்கூட வலியைக் குறைப்பதில் பெரிதும் நம்பத்தக்கதன்று என்பதே அதன் முடிவு. பல் தேயாமல் அது காக்கலாம்.

மாத்திரையைப் பற்றி அன்னையர்க்கு ஒரு செய்தி. தலைவலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், அம்மாத்திரையாலேயே தலைவலி நிலைத்துவிடக்கூடும். பல மருந்துகள் கலந்த மாத்திரைக்கு 10 நாட்களே எல்லை. எங்கள் வீட்டில் நாட்காட்டியில் அம்மா அதற்கென்று ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறார்.

காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த தாத்தா பாட்டியருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, தலைவாரினால் உச்சி நோகுமானால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தலை இரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண்பார்வை போகக்கூடும். வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்த தாடை வலி மாரடைப்பாக இருக்கலாம். பாக்கு மெல்லுவோருக்கு வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைந்தால் அது முற்றிலும் வேறு நோய்; அதையும் உடனே காட்ட வேண்டும். இடியென வரும் தலைவலியையும், காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் தலைவலியையும் சொல்லவே வேண்டியதில்லை.

இறுதியாகக் கொட்டாவி. வாய் அகலத் திறந்தால் எனக்கு மூட்டில் மின்னல் வெட்டும். ஆகவே கொட்டாவி வரும்போது நாடிக்கு அடியில் கைமுட்டியை முட்டுக்கொடுத்து, வாய் அளவோடு திறக்கும்படி தடுத்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வரலாற்று வகுப்பில் நான் அவ்வாறு அமர்ந்திருப்பதைக் காணும் சிஸ்டர், அது மருத்துவர் சொன்ன பயிற்சி என்று தயைகூர்ந்து நம்புவாராக!