இரும்பை இணைக்கும் கைகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

இரும்பு வலியது என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் ஒரு பாலமோ தொழிற்சாலைக் கூரையோ நிலைத்து நிற்பது இரும்பின் வலிமையால் மட்டுமன்று, இணைப்பின் வலிமையாலும்தான். அவ்விணைப்பைச் செய்பவர் இரும்புக் கட்டுமானத் தொழிலாளி. விடியற்கால ரயிலில் திருத்தணியிலிருந்து சென்னைப் பக்கம் அவ்வேலைக்குச் செல்வோருள் என் தந்தையாரும் ஒருவர். அவர் கையால் செய்வதை நான் வகுப்பில் பாடமாகப் படிக்கிறேன்.

இணைப்பு மூவகைப்படும். முதலாவது ரிவெட்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட்டுக் காலத்தைச் சேர்ந்தது. ரிவெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவர். சூடு ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுகப் பற்றும். தேர்வுக்கு நாம் எழுதும் விதி அங்கே பாலத்தைத் தாங்குகிறது!

இரண்டாவது போல்ட்டு. முடுக்கும்போது அது சிறிதளவு நீள்கிறது; அந்த இழுவிசை தகடுகளை நெருக்க, உராய்வு பாரத்தை ஏற்கிறது. முடுக்கு குறைந்தால் தகடு வழுக்கும். மிகுந்தால் போல்ட்டே அறும்.

மூன்றாவது வெல்டிங். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம் இம்முறையில் இணைக்கப்பட்டது. ஈரமோ துருவோ இருந்தால் பற்றுக்குள் நுண்துளைகள் விழும். அவை வெளியே தெரியாமலும் போகலாம்; செவியுணரா ஒலியைச் செலுத்திக் கண்டறிவர்.

வெயிலுக்கும் கணக்குண்டு. 10 மீட்டர் இரும்பு உத்தரம், வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் நீளும். "காலையில் சேர்ந்த துளை மத்தியானம் சேராதுடா" என்பார் தந்தையார். அவர் நேரியல் விரிவுக் குணகத்தைப் படித்தவரல்லர்.

கனடாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலத்தின் உறுப்புகள் வளைவதைப் பணியிடத்தில் இருந்தோர் முன்பே கண்டனர். வேலை உரிய நேரத்தில் நிறுத்தப்படவில்லை. 1907 ஆகஸ்டு 29 அன்று பாலம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். கணக்குப் பிழைத்தது காகிதத்தில். உயிர் போனதோ உயரத்தில்.

பாதுகாப்பு பெல்ட் மாட்டினால் வேலை தாமதமாகிறது என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் என் தந்தையாரைக் கடிந்ததுண்டு. அவர் வீடு திரும்பும்வரை அம்மாவின் கண் வாசலிலேயே இருக்கும். மாணவ நண்பர்களே! நாளை நம்முள் சிலர் வரைபடத்தில் கையொப்பமிடுவோம். அன்று, உத்தரத்தின் மேல் நிற்பவர் சொல்வதையும் கேட்போம். அவர் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்பதையும் பார்ப்போம். கற்ற இயற்பியலுக்கு அதுவே பயன்.