வெண்திட்டுகளைப் படிக்க வரும் இளையவர்களுக்கு

1969 பிப்ரவரி 8 அதிகாலை மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் அயெண்டே விண்கல் விழுந்தது. அதன் கரிய உடம்பில் தெரியும் வெண்திட்டுகள், கால்சியமும் அலுமினியமும் மிகுந்தவை. வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். சூரிய மண்டலத்தில் உருவாகி வயது கணிக்கப்பட்ட திடப்பொருள்களில் இவையே மூத்தவை. இவற்றில் கை வைக்குமுன் சில வார்த்தைகள்.

1. எந்தக் கனிமம் எதற்குள் இருக்கிறது என்பதை முதலில் படமாக வரையுங்கள். வேதி அளவீடெல்லாம் பிறகு.

2. இளஞ்சூரியனைச் சூழ்ந்திருந்த வாயு குளிர்ந்து படிகமாகும் வரிசையை 1972இல் லாரன்ஸ் கிராஸ்மன் கணக்கிட்டார்: கொரண்டம், பெரோவ்ஸ்கைட், மெலிலைட், ஸ்பினல் என்று போகும். அதை மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் கல் அதற்குக் கட்டுப்படும் என்று நம்பாதீர்கள். பல திட்டுகளில் ஸ்பினல் மணிகள் மெலிலைட்டுக்குள் பொதிந்து கிடக்கும். கணக்குப்படி அது தலைகீழ்.

3. அப்போது, ‘இது உருகி உறைந்ததோ?’ என்று கேளுங்கள். பி வகைத் திட்டுகள் அப்படிப்பட்டவை. அந்தக் குழம்பில் ஸ்பினல்தான் முதலில் படிகமாகும். தட்டில் ஊற்றிய பாகு ஓரத்தில் முதலில் இறுகுவதுபோல, சிலவற்றில் மெலிலைட் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கும்; ஓரத்தில் அலுமினியம் அதிகம், உள்ளே போகப்போக மக்னீசியம் ஏறும். ஆய்வாளர்கள் ஸ்டால்பரும் பாக்கும் 1986இல் இதே கலவையை உலையில் உருக்கிக் குளிரவைத்துப் பார்த்தார்கள். மணிக்குச் சில டிகிரி, மிஞ்சினால் சில பத்து டிகிரி என்ற வேகத்தில்தான் இந்த அமைப்பு கிடைத்தது. வெட்டவெளியில் தனித்து மிதக்கும் ஒரு துளி நொடிகளில் ஆறிப்போகும். ஆகவே சுற்றிலும் சூடான வாயு இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான வாதம் இதுதான்.

4. பஞ்சுபோன்ற ஏ வகைத் திட்டுகளில் மெலிலைட் படிகம் இதற்கு எதிர்மாறாக, வளர வளர அலுமினியம் கூடி, கடைசியில் வளர்ந்த தன் ஓரத்தில் அதை அதிகம் கொண்டிருக்கும். அது உருகாதது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

5. திட்டைச் சுற்றியுள்ள வார்க்–லவரிங் விளிம்பு சில பத்து மைக்ரான் தடிமன்தான். மெருகேற்றும்போது அவசரப்பட்டால் போய்விடும்.

6. பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் செறிந்த சிறு உருண்டைகளை, வேறெங்கோ பிறந்து வந்து சேர்ந்தவை என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். திட்டுக்குள்ளேயே இருந்த உலோகக் கலவை பின்னாளில் ஆக்சைடாகவும் சல்ஃபைடாகவும் பிரிந்தாலே போதும் என்று 1988இல் பரிசோதனை காட்டியது. விசித்திரமானதைக் கண்டதும் வெளியூர்க்காரன் என்று முத்திரை குத்தாதீர்கள்.

7. நெஃபிலின், சோடலைட் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். சோடியமும் குளோரினும் திட்டுகள் பிறந்த சூட்டில் படிகமாகா. விண்கல் பிரிந்து வந்த தாய்க்கோளுக்குள் திரவம் ஊடுருவியபின் வந்தவை அவை.

8. அலுமினியம்-26 கொண்டு காலம் கணிக்க விரும்புவோர், மேலே சொன்ன ஏழும் பார்த்தபின் மணியைத் தேர்ந்தெடுங்கள். மீண்டும் சூடேறிய அனார்த்தைட் கனிமத்தில், அலுமினியம்-26 சிதைந்து உண்டான மக்னீசியம் இடம்பெயர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட மணியிலிருந்து எடுத்த தேதியை என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.