பூனை மெத்தையை நனைக்கிறதா? திட்டாதீர்கள்... கஷாயமும் கொடுக்காதீர்கள்!

"டாக்டர், ஒண்ணு சொல்வேன். நீங்க சிரிக்கக் கூடாது..."

போன புரட்டாசியில் என்னிடம் வந்த ஓர் அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மூன்று வாரமாக ராத்திரியில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், ரத்த அழுத்தமும் பார்த்தேன். பெரிதாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. "வீட்டில் ஏதாவது கவலையா?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

கவலை, பூனை!

மகள் ஆசையாக வளர்த்த பெண் பூனை. மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். பூனை இங்கேயே தங்கிவிட்டது. நாலு வருஷமாக மணல் தட்டை விட்டு வெளியே ஒரு சொட்டுகூட விடாத பூனை, இப்போது கணவரின் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. சில நாள் சோபாவில், சில நாள் துவைத்து மடித்து வைத்த துணியில். "வேணும்னே பண்றது. இன்னொரு தடவை பண்ணினா மீன் மார்க்கெட்ல கொண்டு விட்டுடுவேன்" என்கிறாராம் கணவர். மகளுக்குத் தெரிந்தால் அழுவாள். அம்மாவுக்கு ராத்திரி முழுக்க மெத்தைக்குக் காவல். தூக்கம் எங்கிருந்து வரும்?

கடைசியாக மெதுவாகக் கேட்டார்: "நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கஷாயம் குடுப்பீங்களே டாக்டர், அதையே கொஞ்சமா இதுக்கும் குடுக்கலாமா?"

"கூடவே கூடாது" என்றேன். சித்த வைத்தியரே கஷாயம் வேண்டாம் என்கிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். உங்களுக்கும் இருக்கலாம். காரணம் இருக்கிறது. அது என் தவறு. சொல்கிறேன்.

நான் செய்த தவறு

சில வருஷங்களுக்கு முன்னால் என் பக்கத்து வீட்டுக்காரர் இதே புகாரோடு வந்தார். அவருடையது ஆண் பூனை. கண்ட இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர், லேசாக ரத்தம். மனிதருக்கு நல்லது, பூனைக்கு என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது என்று நினைத்து, நெருஞ்சில் குடிநீரை நீர்க்க வைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் பூனை சரியாகிவிட்டது. அவருக்குச் சந்தோஷம். எனக்கோ பெருமை! நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து அதே பூனைக்கு அதே தொந்தரவு. இந்தத் தடவை அவர் என்னிடம்கூட வரவில்லை. 'அதான் மருந்து தெரியுமே' என்று தானே கஷாயம் போட்டுக் கொடுத்தார். பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்கியது. ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டது. கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். நீர்ப்பை கல்லாட்டம் இறுகிக் கிடந்தது. நீர்த்தாரை அடைத்திருந்தது. அன்று இரவே போய்விட்டது.

அந்தக் கால்நடை மருத்துவர் வயதில் என்னைவிட மிகவும் இளையவர். கோபப்படாமல்தான் சொன்னார்: "ஸார், போன தடவை உங்க கஷாயத்துல சரியாகலை. இந்த வகைத் தொந்தரவு முக்கால்வாசி ஒரு வாரத்துல தானா அடங்கிடும். அடங்கினதை மருந்துன்னு நினைச்சுட்டீங்க."

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் இதைப் பாருங்கள்: அவசரமா, இல்லையா?

ஆண் பூனையின் நீர்த்தாரை நுனியில் மிகக் குறுகல். அழற்சியில் உண்டாகும் சளி போன்ற பொருளும் மணல் போன்ற உப்புத் துகள்களும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் வேலையை நிறுத்தும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இதயம் தடுமாறும். ஓரிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. எனவே கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

* அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது ஒரு சொட்டுதான் வருகிறது.
* சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறது.
* பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது.
* வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, மூலையில் சுருண்டு படுத்தல்.

ஆரோக்கியமான பூனை சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை சிறுநீர் கழிக்கும். மணலில் விழும் ஈரக் கட்டிகளை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். கட்டிகள் திடீரென்று சின்னதாகி எண்ணிக்கையில் கூடினாலும் சந்தேகப்படுங்கள்.

அவசரம் இல்லை என்றாலும் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். கல், கிருமித் தொற்று, வயதான பூனை என்றால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதே மாதிரிதான் வெளியில் தெரியும். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் பூனையைப் பார்ப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கவலை நீர்ப்பையில் இறங்குமா?

இறங்கும். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன் எத்தனை தடவை பாத்ரூம் ஓடுகிறார்கள்! சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று பாடம் உண்டு. உடம்பு தானாக வெளிப்படுத்தும் உந்துதல்கள் அவை. அடக்கினால் நோய் வரும். சிறுநீரும் அதில் ஒன்று. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதை மனிதருக்கான பாடமாகத்தான் படித்தேன். தட்டுக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாடம்தான் ஞாபகம் வருகிறது.

கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனால் நீர்ப்பையில் அழற்சி. இதற்கு 'ஃபீலைன் இடியோபதிக் சிஸ்டைட்டிஸ்' என்று பெயர். காரணம் பிடிபடாத நீர்ப்பை அழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். பூனையின் சுற்றுப்புறத்தைச் சீர்ப்படுத்தினாலே இந்தத் தொந்தரவு குறைகிறது என்று 2006-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். 2011-ல் அவர் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் முக்கியம். சாப்பாட்டு நேரம் மாறுவது, வழக்கமான ஆள் மாறுவது போன்ற சின்ன மாற்றங்களுக்கே, நோய் எதுவும் இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன!

ஆக, பூனை உங்களைப் பழிவாங்கவில்லை. தட்டில் உட்காரும்போது வலித்தால் 'இந்த இடம்தான் வலிக்குக் காரணம்' என்று அது நினைத்துக்கொள்கிறது. மெத்தென்று இருக்கும் இடத்தைத் தேடுகிறது. மெத்தை கிடைக்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு, நின்றபடி சுவரில் பீய்ச்சினால் அது எல்லைக் குறி. கருத்தடை ஆபரேஷன் செய்யாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும்.

அந்த அம்மா வீட்டில் என்ன நடந்தது?

ஒவ்வொன்றாகக் கேட்டேன். கல்யாணத்துக்காக வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு வாரம் விருந்தாளிக் கூட்டம். பூனையைத் தினம் விளையாட வைத்த மகள் திடீரென்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்ரூமில் இருந்த மணல் தட்டைப் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் மாற்றிவிட்டார்கள். தெருவில் திரியும் முரட்டுக் கடுவன் ஒன்று தினமும் எதிர் சன்ஷேடில் வந்து உட்கார்ந்து முறைக்கிறது. ஒரு பக்கம் மெஷின் சத்தம், ஒரு பக்கம் எதிரி. அங்கே போய் நிம்மதியாக உட்கார யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். கல் இல்லை, கிருமி இல்லை, மன அழுத்தத்தால் வந்த அழற்சிதான் என்று சொல்லி வலிக்கு மருந்து கொடுத்தார். மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும். நீங்களும் செய்யலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தட்டு: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, வெவ்வேறு இடத்தில். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் இரண்டடி நீளம் வேண்டும். கடையில் விற்கும் சின்னத் தட்டைவிடப் பழைய பிளாஸ்டிக் தொட்டி மேல். மூடி வேண்டாம்.

2. இடம்: சத்தமில்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை. சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். நாம் கழிப்பறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோமா?

3. மணல்: வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். தோண்டி மூடுவது ரத்தத்தில் ஊறியது. வாசனை சேர்க்காத, மெல்லிய மணல்தான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். இரண்டு மூன்று விரற்கடை ஆழம் போடுங்கள். தினமும் அள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பூனை மலத்திலிருந்து பரவக்கூடிய ஒரு கிருமி கருவைப் பாதிக்கும். வேறு யாராவது செய்யட்டும்.

4. நனைந்த இடம்: துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்ஸைம் கலந்த சலவைத் தூள் கரைத்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் நெடி சிறுநீர் நெடி மாதிரியே இருப்பதால் மறுபடி அங்கேயே வரும்.

5. தண்ணீர்: வெறும் உலர் தீனி மட்டும் கொடுத்தால் சிறுநீர் கெட்டிப்படும். ஈரமான உணவு சேருங்கள். உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல் மீனோ கோழியோ வேக வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கலக்கலாம். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஜீரணமாகாமல் வயிற்றால் போகும்.

6. ஒளிய ஓர் இடம், ஏற ஓர் இடம்: பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். அலமாரி மேல் ஒரு பழைய துணி. அங்கே இருக்கும்போது யாரும் இழுக்கக் கூடாது.

7. தினசரி ஒழுங்கு: சாப்பாடு ஒரே நேரத்தில். தினமும் இரண்டு வேளை, பத்து நிமிஷம், கயிற்றில் கட்டிய இறகை இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். வேட்டையாடிய திருப்தி அதற்குக் கிடைக்கும்.

8. அடி, திட்டு, மூக்கைத் தேய்ப்பது: மூன்றும் கூடாது. பயம் கூடும். பயம் கூடினால் நோயும் கூடும்.

நம் அலமாரியில் இருக்கும் விஷங்கள்

சில பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. நமக்கு மருந்தாக இருப்பது அதற்கு விஷமாகலாம். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், பினாயில் எல்லாம் பாதத்தில் பட்டால்கூட நக்கி உள்ளே போய்விடும். தட்டு இருக்கும் அறையில் சாம்பிராணி, ஊதுபத்திப் புகை போடாதீர்கள். மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தத் தொழிலில் இருக்கும் நானே சொல்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று?

அந்த அம்மா தட்டை மறுபடி பாத்ரூமுக்கே கொண்டுபோனார். ஹால் மூலையில் இன்னொரு தொட்டி வைத்தார். பால்கனிக் கண்ணாடியில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி எதிரியை மறைத்தார். விளையாட்டுக் காட்டும் வேலையை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கணவர் எடுத்துக்கொண்டார்! மூன்று வாரத்தில் மெத்தை காய்ந்தது.

தீபாவளி அன்று வெடிச் சத்தத்தில் ஒரு தடவை சோபா நனைந்ததாம். "திட்டினீர்களா?" என்று கேட்டேன். "இல்லை டாக்டர். அவரே துடைச்சார்" என்றார்.

அவருடைய தூக்கத்துக்கு நான் எந்த மருந்தும் எழுதவில்லை. தேவைப்படவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பூனை இன்று மெத்தையை நனைத்தால், கையை ஓங்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சிறுநீர் தடையில்லாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் கால்நடை மருத்துவர். வருகிறது என்றால், கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் என்னென்ன மாறியது என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் அதே கால்நடை மருத்துவர்.