நடுவயதும் முப்போட்டிப் பயிற்சியும்

உடம்பைப் பயிற்றுதல் இளமைக்கே உரியது என்னும் எண்ணம் நம்மனோரிடை வேரூன்றி நிற்கின்றது. கல்லூரியிற் பயிலுங்காலத்து மாலைதோறும் பந்தாடிக் களித்தவர், உத்தியோகத்தில் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள் மாடிப்படி ஏறினாலும் மூச்சிரைக்கும் நிலையை எய்துகின்றனர். நாற்பது கடந்தபின் இடுப்பின் சுற்றளவு பெருகுகின்றது. வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் எச்சரிக்கத் தொடங்குகின்றார். அந்நிலையில் பலரும் கூறிக்கொள்ளும் சமாதானம் "வயதாகிவிட்டது" என்பதே. இச்சமாதானம் எவ்வளவு உண்மையுடையது, இழந்த வலிமை மீளுமோ, மீளுமாயின் எவ்வழியால் மீளும் என்பவற்றை, டிரையத்லான் என்னும் முப்போட்டியை வாயிலாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முப்போட்டியாவது, நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இம்முறையே இடையீடின்றிச் செய்து முடிக்கும் பந்தயம். இது மிகப் பழமையானதன்று. 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்க நாட்டின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்னும் நீர்க்கரையில், ஓட்டக்காரர் சங்கத்தார் ஒருவகைப் புதுமைக்காகவே இதனை நடத்தினர். அன்று கலந்துகொண்டோர் 46 பேர். பின்னர் ஹவாய்த் தீவுகளில், நீந்துவோர் வலியரோ ஓடுவோர் வலியரோ என்னும் வழக்கொன்று எழுந்தது. கடற்படை அதிகாரியாகிய ஜான் காலின்ஸ் என்பார், அங்கே தனித்தனி நடைபெற்றுவந்த மூன்று நெடும் பந்தயங்களை ஒன்றாக இணைத்தால் வழக்குத் தீரும் என்றார். அதன்படி 1978-ஆம் ஆண்டு பெப்ரவரி 18-ஆம் தேதி 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். 'அயர்ன்மேன்' எனப் பெயர்பெற்ற பந்தயம் இதுவே. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில் முப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது.

இப்போட்டியின் அளவுகள் பல. அயர்ன்மேன் பந்தயத்தில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42.2 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும். ஒலிம்பிக் அளவு முறையே 1.5, 40, 10 கிலோமீட்டர். எல்லாவற்றினும் பரவலான குறும்போட்டியில் 750 மீட்டர் நீச்சலும், 20 கிலோமீட்டர் சைக்கிளும், 5 கிலோமீட்டர் ஓட்டமும் உள. நடுவயதில் புதிதாகத் தொடங்குவார்க்கு இக்குறும்போட்டியே தக்க இலக்கு. நெடும் பந்தயத்தின் புகழைக் கேட்டு அதனையே முதற்கண் நாடுதல், அரிச்சுவடி பயிலுமுன் காவியத்துக்கு உரை காணப் புகுவதனை ஒக்கும்.

இனி, வயது உடம்பிற்குச் செய்யும் கேடு எத்துணை என்பதை நோக்குவோம். 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியில், இருபது வயதுடைய திடகாத்திரரான ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது உடம்பு பிராணவாயுவை ஏற்றுப் பயன்கொள்ளும் உச்ச ஆற்றலே இவ்வாராய்ச்சியின் அளவுகோல். மூன்று வாரத்திற்குள் அவ்வாற்றல் நான்கில் ஒரு பங்கிற்குமேல் குறைந்துபோயிற்று. முப்பதாண்டு கழித்து, அதே ஐவரும் ஐம்பது வயதினராயிருந்தபொழுது மீண்டும் அழைத்துச் சோதித்தனர். இடையில் அவர்தம் சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாக ஏறியிருந்தது; உடம்பிலுள்ள கொழுப்பின் விகிதம் இருமடங்காகியிருந்தது. ஆயினும் வியப்பு யாதெனின், முப்பதாண்டு மூப்பு விளைத்த நட்டத்தினும், இளமையில் மூன்று வாரப் படுக்கை விளைத்த நட்டமே பெரிதாயிருந்தது.

ஆராய்ச்சி இத்துடன் நிற்கவில்லை. அவ்வைவருக்கும் நடை, மெல்லோட்டம், சைக்கிள் ஆகியவற்றால் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தனர். முடிவில், முப்பதாண்டுகளில் இழந்த அவ்வாற்றல் முழுவதும் திரும்பப் பெற்று, 1966-ஆம் ஆண்டில் படுக்கைக்குமுன் இருந்த அளவையே அவர்கள் எய்தினர். இருதயம் இரத்தத்தைச் செலுத்தும் உச்ச அளவு அப்பயிற்சியால் மிகவில்லை. வந்த இரத்தத்திலிருந்து பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும் திறனே தசைகளில் மிகுந்தது. ஐவர் என்பது சிறு தொகையே. எனினும், 2018-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. 45 முதல் 64 வயது வரையுள்ள, உழைப்பின்றி அமர்ந்தே காலங்கழித்தோர், வாரத்தில் நான்கைந்து நாளாக இரண்டாண்டு பயின்றபொழுது, அவ்வாற்றல் 18 விழுக்காடு உயர்ந்ததோடு, விறைத்துவந்த இருதயத் தசையும் நெகிழ்வு பெற்றது. மூப்பினால் வருங்கேடு இல்லையென யாம் கூறோம். மூப்பின் தலையில் நாம் சுமத்தும் பழியில் பெரும்பங்கு அசைவின்மைக்கே உரியது என்பதே இவற்றாற் பெறப்படும்.

அற்றேல், நடுவயதில் ஊக்கத்தோடு ஓடத் தொடங்குவோர் பலர் இரண்டு மாதத்திற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் அமர்ந்துவிடுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பார்க்கே பயிற்சி கைகூடும். உடம்பின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்தில் திருந்துவன அல்ல. பயிற்சி தொடங்கிய இரண்டொரு வாரத்திற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகின்றது, சில வாரங்களில் தசைகள் வலிவுறுகின்றன, மூச்சிரைப்புத் தணிகின்றது. ஆனால், தசையை எலும்போடு பிணிக்கும் தசைநாண்களில் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. எலும்போ பழைய பகுதியைக் கரைத்துப் புதியதை அமைத்துக்கொள்ளப் பல மாதம் வேண்டி நிற்பது. ஆகவே, மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும் நாளில், குதிகாலின் பின்னுள்ள நாண் அதற்கு ஆயத்தமாயிராது. பழைய வண்டியிற் புது எருதுகளைப் பூட்டி விரட்டினால் எருதுகள் களைக்குமுன் அச்சு முறியும். நடுவயதினர் தம் வேகத்தை எருதைக் கொண்டன்று, அச்சைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் முப்போட்டியின் தகுதி விளங்குகின்றது. ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் உடற்பாரத்தைப்போல் இருமடங்கு முதல் மும்மடங்கு வரையிலான விசை காலைத் தாக்குகின்றது. பருத்த உடம்பினர்க்கு இது பெருஞ்சுமை. சைக்கிளிலோ உடம்பின் பாரத்தை இருக்கை பெரும்பாலும் தாங்குகின்றது. நீரிலோ கழுத்தளவு நிற்பவரது பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை நீரே ஏற்றுக்கொள்கின்றது. எனவே, வாரத்தில் இருநாள் மட்டும் ஓடி, ஏனைய நாட்களில் நீந்தியும் மிதித்தும் வருபவர், மூட்டுக்களை வருத்தாமலே இருதயத்திற்கு வேண்டிய உழைப்பைக் கொடுக்கின்றார். ஓட்டம் ஒன்றையே நம்பியவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை.

இனிப் பயிலும் முறையைக் கூறுவாம். முதற்கடமை வைத்தியரைக் காண்பது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்து, மார்புவலி, மயக்கம், குடும்பத்தில் இருதய நோய் ஆகியவை உண்டாயின் அவற்றை ஒளியாது உரைத்தல் வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் முதலிய மருந்து கொள்வோர், உழைப்பின்போது இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடுமாகலின், மருந்தின் அளவையும் உணவின் நேரத்தையும் வைத்தியரிடம் கேட்டறிந்தே தொடங்குக.

முதல் மாதம் ஓட்டமே வேண்டா. நாளும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் போதும். இரண்டாம் மாதத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் நடையோடு கலந்த ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு என வாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நடையோடு கலந்த ஓட்டமாவது, ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இவ்வாறே மாறிமாறி இருபது நிமிடம் செய்தல். வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கூட்டி, நான்காம் வாரத்தில் அளவைக் குறைத்து, உடம்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள இடங்கொடுத்தல் நன்று. வேகத்திற்கு உரைகல் ஒன்று உண்டு: உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச இயலுமாயின் வேகம் தக்கது, சொல் இடையில் அறுமாயின் வேகம் மிகுதி. முதல் மூன்று மாதம் இவ்வெல்லையைக் கடவாதிருத்தலே விவேகம். வாரம் இருமுறை உட்கார்ந்து எழுதல், குதிகாலை உயர்த்தி இறக்கல் முதலிய வலிமைப் பயிற்சிகளையும் சேர்த்துக்கொண்டால், வயதோடு தேயும் தசையும் நாணும் உறுதி பெறும். பின் மாதங்களில் சைக்கிளினின்று இறங்கியவுடன் ஐந்து நிமிடம் ஓடிப் பழகுக. அப்பொழுது கால்கள் மரக்கட்டைபோலத் தோன்றும் தன்மை பழக்கத்தாலன்றி நீங்காது.

நீச்சலைப் பற்றித் தனியே எச்சரித்தல் எம் கடமையாகின்றது. அமெரிக்க முப்போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த திடீர் மரணங்களையும் இருதய நிறுத்தங்களையும் விபத்து மரணங்களையும் தொகுத்தாராய்ந்தோர் 135 நிகழ்ச்சிகளைக் கண்டனர். அவற்றுள் 90 நீச்சற் பகுதியில் நிகழ்ந்தவை. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலார் ஆடவர். அவர்தம் சராசரி வயது ஏறத்தாழ 47. பங்குகொண்ட பல இலக்கம் பேரை நோக்க இத்தொகை சிறிதே. எனினும், அஃது எவரைக் குறிவைக்கின்றது என்பதை நடுவயதினர் மறத்தலாகாது. ஆகவே, நீந்த அறியாதார் ஆசிரியர் ஒருவரிடம் குளத்தில் முறையாகக் கற்க. முதற்பாடம் கைவீச்சன்று, மூச்சே. முகம் நீருள் இருக்கும்பொழுது மூச்சைத் தொடர்ந்து வெளிவிட்டு, தலையைப் பக்கம் திருப்பி உள்வாங்கப் பழகாதவர், மூச்சை அடக்கி அடக்கியே அஞ்சிக் களைக்கின்றனர். ஏரியிலோ கடலிலோ தனியே நீந்துதல் எஞ்ஞான்றும் தகாது. பந்தய நாளில் கூட்டத்தின் பின்னே, ஓரமாக, மெல்லப் புறப்படுக. மார்பில் இறுக்கமோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே கையுயர்த்தி உதவி பெறுதல் இழுக்கன்று.

வெப்ப நாட்டில் பயில்வோர் விடியற்காலத்தைப் பயன்கொள்க. வேட்கை தோன்றியவாறு நீர் பருகுக. அளவிறந்து பருகின் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாம். உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுதல், முதலைச் செலவிட்டு வட்டி தேடுவதாகும்; உடம்பு வலிமை பெறுவது உழைக்கும்பொழுதன்று, உழைத்தபின் இளைப்பாறும்பொழுதே.

காலங்கடந்து தொடங்கியோர்க்கு எடுத்துக்காட்டு இருவரைக் கூறுவாம். அமெரிக்கக் கன்னிமாடத்தைச் சேர்ந்த மடோனா பூடர் என்னும் அம்மையார் 1930-ஆம் ஆண்டில் பிறந்தவர். நாற்பது வயதின் இறுதியில் ஓடத் தொடங்கி, 52-ஆம் வயதில் முதல் முப்போட்டியில் கலந்துகொண்டு, 2012-ஆம் ஆண்டு தம் 82-ஆம் வயதில் கனடா நாட்டில் அயர்ன்மேன் பந்தயத்தை முடித்தார். ஜப்பான் நாட்டு ஹிரோமு இனாடா என்பார் பணியினின்று ஓய்வுபெற்ற பின்னர் அறுபது வயதளவில் நீந்தக் கற்றார். எழுபதாம் வயதில் முதல் முப்போட்டி கண்டார். 2018-ஆம் ஆண்டு ஹவாயில் தம் 85-ஆம் வயதில் அயர்ன்மேனை நிறைவேற்றினார். இவர்கள் செய்ததை எல்லாரும் செய்யவல்லர் எனல் மிகை. ஆயின், இவ்விருவரிடத்தும் நாம் கற்கவேண்டுவது அவர்தம் வலிமையன்று, அவர்கள் எடுத்துக்கொண்ட காலம். முதல் நீச்சலுக்கும் முதற் பந்தயத்துக்கும் இடையே இனாடா பத்தாண்டு பொறுத்திருந்தார்.

கல்லூரியில் பயிலும் இளைஞர்க்கு யாம் கூறுவது, மூன்று வாரச் சோம்பலும் உங்கட்குச் சிறுநட்டமன்று என்பது. கல்லூரியை நீங்கி உத்தியோகத்தில் அமர்ந்து நாற்பதும் ஐம்பதும் கண்ட பழைய மாணவர்க்கு யாம் கூறுவது, ஆறு மாதம் என்பது உங்கட்குப் பெரும் பொழுதன்று என்பது. அவ்வாறு மாதத்தையும் அவசரமின்றிச் செலவிடும் பொறுமையையே உடம்பு கேட்கின்றது. நாளைக் காலை அரைமணி நேர நடை அதற்குப் போதிய தொடக்கமாம்.